அரை சுத்து கம்மி

சுபைர் பாய் வேல செஞ்ச வூட்டுக்கு அவர ரெண்டாவது தபா யாரும் கூப்பிட மாட்டாங்க. இத கேட்டா ஆளு மட்டமான எலக்ட்ரீசியன்னு தோணும். அதான் இல்ல. கள்ளக்குறிச்சில கரண்ட் பாக்ஸ் மாத்திக் குடுக்க அவரு மாதிரி ஆள் கெடையாது. அவரு மாட்னா மாட்னதுதான். இடி வுழுந்தாலும் மழ ஊத்துனாலும் அது பாட்டுக்கு செவுத்துல கெடக்கும். ஒரு ஸ்க்ரூ லூசாவாது, ஒரு ஒயரு கருகாது. அப்பறம் இன்னாத்துக்கு கூப்பிடப் போறாங்க?

அதே ஊர்ல இருசப்பன்னு இன்னொருத்தன் இருக்கான். அவனும் ஒயருதான் இழுக்கறான். ஒயர ஒயரோட கையால முறுக்கி, டேப்ப சுத்தி, செவுத்துக்குள்ள திணிச்சிட்டு வந்துடுவான். அந்த வூட்ல மிக்ஸி போட்டா டிவி மினுக்கும், டிவி போட்டா மோட்டரு நின்னுடும். மாசத்துல ஒரு வாட்டி இருசப்பனுக்கு போன் போவும். "டேய் இருசு, எங்கடா கீற, வந்து பாருடா"ன்னு உரிமையா கூப்பிடுவாங்க. போனா ரெண்டு இட்லி, ஒரு டீ. எந்த வூட்டு மருமவ அம்மா வூட்டுக்கு கோச்சிக்கினு போனா, எந்த வூட்ல யாருக்கு சுகரு, எல்லாம் இருசப்பனுக்கு அத்துப்படி. கல்யாணப் பத்திரிக அவனுக்கு வர்ற அளவுக்கு எம்எல்ஏக்கு கூட வராது. சுபைர் பாய்க்கு? அவரு பாக்ஸ் மாட்டி வுட்ட வூட்டுக்காரங்க அவரு மூஞ்சியக் கூட மறந்துட்டு நிம்மதியா தூங்கிக்கினு இருக்காங்க.

பாய்க்கு ஐம்பத்திரெண்டு வயசு. ஊருக்குள்ளயே மந்தவெளிப் பக்கம் மாடில ஒரு ரூம்பு. கீழ இருக்கற செருப்புக் கட அவங்க அண்ணன் ஷேக் பரீத்தோடது. சின்ன வயசுல பாயயும் கடைலதான் குந்த வெச்சாங்க. வர்றவங்ககிட்ட "வாங்கம்மா, இன்னா சைஸு"ன்னு ஒரு வார்த்த வாயில வராது. செருப்பு வாங்க வந்தவங்க நிப்பாங்க, இவரு கடை சீரியல் பல்ப கழட்டி எந்த பல்பு அவுட்டுன்னு தேடிக்கினு இருப்பாரு. போதும்டாப்பான்னு வயரிங் வேலைக்கு அனுப்பி வுட்டாங்க.

எலவனாசூர்கோட்டைல பொண்ணு பாத்து கட்டியும் வெச்சாங்க. கமர் ஜஹான்னு பேரு. லட்சணமான பொண்ணு, வாயாடி. ஒரு வருசம் தாண்டல, பொட்டியத் தூக்கிக்கினு போயிடுச்சு. ஜமாத்துல குந்த வெச்சு இன்னாம்மா பிரச்சனன்னு கேட்டாங்க.

"அடிக்கல. குடிக்கல. சம்பாதிக்கிறத அப்பிடியே கொண்டாந்து குடுக்கறாரு" அப்பிடின்னுச்சு அந்தப் பொண்ணு.

"அப்பறம் இன்னாதாம்மா கொற?"

"பேச மாட்டாரு. செவுத்துகூட எவ்ளோ நாளு பேசறது?"

பெரியவங்களுக்கு ஒண்ணும் புரியல. இதுக்கு இன்னா தீர்ப்பு சொல்றதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. "ஏம்ப்பா சுபைரு, நீ இன்னா சொல்ற?"ன்னு இவரு பக்கம் திரும்புனாங்க. பாய் அப்பவும் ஒண்ணும் சொல்லல. அவ்ளோதான், முடிஞ்சிபோச்சு. அந்தம்மா அப்பால உளுந்தூர்பேட்டைல ஒரு ஜவுளிக்காரர கட்டிக்கிச்சு. அந்த மனுசன் காலைல வாயத் தொறந்தா தூங்கப் போறவரைக்கும் மூட மாட்டாராம். இப்ப அது "கொஞ்சம் சொம்மா இருங்களேன்"னு கெஞ்சிக்கினு கெடக்குதாம்னு ஊர்ல பேச்சு.

ஆனா ஒண்ணு. பாய்க்கு பேசத் தெரியாதுன்னு நெனைச்சா அது தப்பு. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துதான் பேச வராது. கையில ஸ்க்ரூ டிரைவரக் குடுத்து, செவுத்தப் பாத்து திருப்பி நிக்க வெச்சிட்டா, முதுகுக்குப் பின்னால யாரு இருந்தாலும் பாய் பேசுவாரு பாரு, அப்பிடி பேசுவாரு. நக்கலு, நையாண்டி, ஊர் நாயம் எல்லாம் வரும். பாக்ஸ் மூடிய சாத்திட்டு இந்தப் பக்கம் திரும்புனா, வாயும் சாத்திக்கும். அதனால அவருக்கு மனுசங்களோட சங்காத்தம் வேணும்னா ஒரு பாக்ஸு வேணும். வேல இல்லாத நாள்ல அந்த மாடி ரூம்புல அவரு வாயத் தொறக்கறது கொட்டாவிக்கு மட்டுந்தான்.

போன தை மாசம் வெள்ளிமலைலருந்து போன் வந்துச்சு. பிலவேந்திரன்னு ஒருத்தரு, ஸ்கூல்ல கிளார்க்கு வேல பாத்து ரிட்டையராயி, மலைல மரவள்ளியும் மொளகும் போட்டுக்கினு இருக்கறவரு. ரிஷிவந்தியத்துல சொந்தக்காரங்க வூட்ல பாய் மாட்டுன பாக்ஸ பாத்துட்டு நம்பரு வாங்கி இருந்தாரு.

பாய் கச்சிராயபாளையம் வழியா மல பஸ்ஸ புடிச்சி, கொண்ட ஊசி வளைவுல எல்லாம் வாய பொத்திக்கினு, ஒரு வழியா போய் எறங்குனாரு. பனி எறங்கி ரோடே தெரியல. பிலவேந்திரன் ஸ்வெட்டரு, மங்கி குல்லாவோட வந்து கூட்டிக்கினு போனாரு. வூட்ல அவரு சம்சாரம் கிரேஸ், பேறுகாலத்துக்கு வந்த மவ ஏஞ்சலின், அது பெத்து மாசம் ஆவாத கொழந்த ஒண்ணு. மருமவன் திருப்பூர்ல வேல.

முன் ரூம்பு செவுத்துல பழைய மரப்பலக. அதுல வரிசையா பீங்கான் பீஸ் கட்ட. பலகையப் பாதி கரையான் தின்னுட்டு, மீதிய நெருப்பு தின்னுக்கினு இருந்துச்சு. மேல செவுரு பூரா கரி. பாய் டார்ச்சு அடிச்சி ஒரு பீஸ் கட்டைய உருவிப் பாத்தாரு. செவுத்தப் பாத்து நின்னுட்டாரு இல்ல, வாய் தொறந்துக்கிச்சு.

"இன்னா சார், பீஸ் கம்பி போடற எடத்துல துணி காயப்போடற கம்பிய போட்டு வெச்சிருக்கீங்க?"

"அடிக்கடி போச்சுப்பா. இத போட்டப்பறம் போறதே இல்ல" பிலவேந்திரன் பெருமையா சொன்னாரு.

"போவாது சார். வூடே போனாலும் இது போவாது."

உள்ள கிரேஸம்மா சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. "நல்லா கேளு தம்பி. நான் சொன்னா எனக்கு இன்னா தெரியும்ங்கறாரு."

லைன்மேன் வந்து போஸ்ட்லயே வூட்டு லைன கழட்டி வுட்டுட்டுப் போனாரு. அப்பவும் பாய் சும்மா கைய வெக்கல. டெஸ்டர வெச்சி ஒரு வாட்டி, ஒயரு கட்டுன பல்ப வெச்சி இன்னொரு வாட்டி, ஒவ்வொண்ணாப் பாத்து, செத்த பாம்பு செத்ததுதான்னு தெரிஞ்சப்பறம்தான் தொட்டாரு. எந்த ஒயரு சமையல் ரூம்பு, எது மோட்டரு, எது முன் ரூம்புன்னு தேடித் தேடி, துண்டு டேப்புல பேரெழுதி ஒட்டுனாரு. கழட்டறதுக்கு முன்னாடி செல்லுல போட்டோ புடிச்சிக்கினாரு. அப்பறம்தான் பலகைய பேத்தாரு. பேத்தா பின்னால ஒரு பல்லி குடும்பமே குடியிருக்கு.

"பாருங்கம்மா, இத்தினி நாளா இவங்களுக்கும் சேத்துதான் கரண்ட் பில் கட்டிக்கினு இருந்திருக்கீங்க."

எர்த்துக்கு வூட்டுக்குப் பின்னால பள்ளம் தோண்டணும். அடில பாற. தோண்டித் தோண்டி பொழுது சாஞ்சிடுச்சு. பைப்ப எறக்கி கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு தண்ணி ஊத்துறதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிடுச்சு. "இங்கயே தங்கு சுபைரு"ன்னுட்டாரு பிலவேந்திரன்.

கிரேஸம்மாவுக்கு ஒரே யோசன. "கோழி அடிக்கலாம்னு பாத்தேன். நாங்க அடிச்சா நீ சாப்ட மாட்டியே தம்பி. நீயே ஓதி அறுத்துக் குடுத்துடேன்."

பாய் ஒயரு அறுத்த கைதான், கோழி அறுத்த கை இல்ல. இருந்தாலும் சரின்னாரு. அந்த சாவலு அவரு கையில நின்னா தானே? மொளகுக் கொடிக்கு அடில பூந்து, மரவள்ளிக் காட்டுக்குள்ள ஓடி, பாய் லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு பின்னாலயே ஓட, பிலவேந்திரன் ஒரு பக்கம் துண்ட விரிச்சிக்கினு வர, ஏஞ்சலின் கொழந்தய கையில வெச்சிக்கினு வாசல்ல நின்னு வயிறு வலிக்க சிரிச்சிச்சு. கடைசில புடிச்சி பிஸ்மி சொல்லி அறுத்தாரு. மெழுகுவத்தி வெளிச்சத்துல களியும் கோழிக் கொழம்பும். நாலு பேரும் கீழ வட்டமா குந்தி சாப்ட்டாங்க. பாய் ஒண்ணும் பேசல. மூஞ்சிங்க இருக்கு பாரு. ஆனா யாரும் ஏன் பேசலன்னும் கேக்கல. பேசாதவனுக்கும் எடம் வெச்சி கொழம்பு ஊத்துனாங்க. காரமே இல்லாத கொழம்புக்கு பாய் காரம்னு சொல்லி தண்ணி வாங்கிக் குடிச்சிக்கினாரு.

மறுநாள் பாக்ஸ மாட்டுனாரு. இரும்பு பாக்ஸு, உள்ள வரிசையா சுவிட்சு, ஷாக் அடிச்சா தானா வுழற ட்ரிப்பரு ஒண்ணு. செவப்பு ஒயரு ஒரு பக்கம், கருப்பு ஒயரு ஒரு பக்கம், பச்ச ஒயரு தனியா. எண்ண வெச்சி வகிடெடுத்து சீவி வுட்ட மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம வளச்சி வளச்சி எறக்குனாரு. கருப்பு ஒயரு எல்லாம் ஒரு பித்தளக் கட்டைல வந்து சேரும். ஒவ்வொண்ணயும் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, முடுக்குனதும் ஒரு இழு இழுத்துப் பாப்பாரு. வரக்கூடாது. எந்த சுவிட்சு எந்த ரூம்புக்குன்னு மூடிமேல எழுதி ஒட்டுனாரு.

லைன்மேன் மறுபடி வந்து லைன் குடுத்துட்டுப் போனாரு. பாய் ஒவ்வொரு சுவிட்சா போட, வூடு ஒவ்வொரு ரூம்பா முழிச்சிக்கிச்சு. ட்ரிப்பர்ல இருக்கற சின்ன பட்டன அழுத்துனாரு, டப்புனு வுழுந்துச்சு. "இப்பிடி வுழுந்தாதான் உசுரோட இருக்குன்னு அர்த்தம். மாசம் ஒரு வாட்டி அழுத்திப் பாத்துக்கோங்க."

அதுக்குள்ள கிரேஸம்மா உள்ள போயி சின்ன பாட்டிலோட வந்துச்சு. வேளாங்கண்ணி தீர்த்தம். எதப் புதுசா வாங்குனாலும் தெளிச்சி ஜெபம் பண்றது அவங்க வூட்டு வழக்கம். பாட்டிலத் தொறந்து, பாக்ஸுக்கு நேரா கைய தூக்கிடுச்சு.

"யம்மா யம்மா யம்மா!" பாய் குறுக்க பூந்தாரு. "ஜெபம் எவ்ளோ வேணா பண்ணுங்க. தண்ணி மட்டும் வேணாம். அப்பறம் எனக்கும் சேத்து ஜெபம் பண்ண வேண்டி இருக்கும்."

பிலவேந்திரனுக்கு சிரிச்சி சிரிச்சி இருமலே வந்துடுச்சு. கிரேஸம்மா பாட்டில மூடிட்டு, வெரலால காத்துல சிலுவ போட்டு, கண்ண மூடி, "எங்க வூட்டுக்கு வெளிச்சம் குடுத்த சுபைரு தம்பியயும் ஆசீர்வதியும் ஆண்டவரே"ன்னுச்சு. பாய் செவுத்தப் பாத்துதான் நின்னுக்கினு இருந்தாரு. ஆனா அப்ப அவருக்கு பேச்சு வரல.

பிலவேந்திரன் கேட்டாரு. "இது எவ்ளோ நாளைக்குப்பா வரும்?"

"பாஞ்சு வருசத்துக்கு கை வெக்க வேணாம் சார்."

"அப்போ உன்ன இனிமே கூப்பிட வேண்டிய வேலையே இல்லன்னு சொல்லு!" முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு, பஸ்ஸு வர நேரமாச்சா பாக்கறேன்னு வெளிய போனாரு. நல்ல மனசோட சொன்னதுதான். பாராட்டுதான்.

கிரேஸம்மாவும் சமையல் ரூம்புக்குப் போயிடுச்சு. பாய் தனியா நின்னாரு. மூடிய மாட்டி நாலு ஸ்க்ரூ போட்டா வேல முடிஞ்சிது. இருசப்பன் ஞாபகம் வந்துச்சு. இன்னேரம் எவன் வூட்லயோ குந்தி, "அண்ணி, சட்னி இன்னும் கொஞ்சம்"னு கேட்டுக்கினு இருப்பான். மந்தவெளி மாடி ரூம்பு ஞாபகம் வந்துச்சு. முன் ரூம்பு லைன் ஒண்ணு. அதோட கருப்பு ஒயரு ஸ்க்ரூ ஒண்ணு. அர சுத்து, ஒரே அர சுத்து கம்மியா இருந்தா இன்னா ஆயிடும்? வாசல் லைட்டு மினுக்கும். "சுபைரு, லைட்டு மினுக்குதுப்பா"ன்னு போன் வரும். வரலாம், பாக்கலாம், இருந்து சாப்ட்டு போவலாம். முப்பது வருசத்துல செய்யாதத கை செஞ்சிடுச்சு. மெயின நிறுத்தி, அந்த ஸ்க்ரூவ அர சுத்து தளத்தி, மெயினப் போட்டு, மூடிய மாட்டிட்டாரு.

கெளம்பறப்ப கிரேஸம்மா மொளகு பொட்டலம் ஒண்ணு பையில திணிச்சிச்சு. ஏஞ்சலின் உள்ளருந்து, "அம்மா, புது பாக்ஸுதான, இனிமே முன் ரூம்பு பிளக்குலயே ஹீட்டர் போட்டுக்கறேன். பாப்பாவுக்கு ராவுல குளிருது. தூளியயும் அங்கயே கட்டிடலாம்"ங்குது. பாய் காதுல வுழுந்துச்சு. அப்ப காதுலதான் வுழுந்துச்சு.

மண்டைல வுழுந்தது பஸ்ஸுல, மூணாவது வளைவுல. வாசல் லைட்டும் அந்த பிளக்கும் ஒரே லைனு. லைட்டுன்னா மினுக்கும். ஹீட்டர்னா மினுக்காது. அது இழுக்கற கரண்டுக்கு அந்த அர சுத்து எடவெளில தீப்பொறி பறக்கும், பித்தள சுடும், ஒயரு உருகும். ட்ரிப்பருக்கு அது தெரியாது, வுழாது. அதுக்கு கீழ தூளி.

போன எடுத்தாரு. டவர் இல்ல. "நிறுத்துங்க! எறங்கணும்!"

"இங்கயா?" டிரைவரு வெளிய பாத்தாரு. ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம். "அவசரம்னா அந்த மரத்துக்குப் பின்னால போய்ட்டு வாங்க பாய், நிக்கறேன்."

"நீங்க போங்க"ன்னு எறங்கி, பைய முதுகுல மாட்டிக்கினு, வந்த வழியே ஏற ஆரம்பிச்சாரு. ஏத்தம் மூச்ச வாங்குது. மரவள்ளி ஏத்திக்கினு வந்த டிராக்டர் ஒண்ணு பாவம் பாத்து பாதி வழில ஏத்திக்கிச்சு. மூட்டமேல குந்திக்கினு, யா அல்லா அந்தப் பொண்ணு இன்னும் ஹீட்டர போட்டிருக்கக் கூடாதுன்னு கேட்டுக்கினே போனாரு.

வெளிச்சம் மங்கற நேரத்துக்கு வாசல்ல போயி நின்னாரு. வாசல் லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. லேசா துடிச்சிக்கினு.

"என்ன சுபைரு, எதையாச்சும் வுட்டுட்டியா?" பிலவேந்திரன் கதவத் தொறந்தாரு. பாய் நேரா உள்ள போனாரு. தூளிய கட்டிட்டாங்க. கொழந்த உள்ள தூங்குது. ஹீட்டரு பக்கத்துல, பிளக்கு இன்னும் சொருவல. பாய் தூளியோட கயித்த மொதல்ல அந்தப் பக்கம் ஒதுக்குனாரு. மெயின எறக்குனாரு. வூடு இருட்டாச்சு. பிலவேந்திரன் டார்ச்ச புடிச்சாரு. மூடியக் கழட்டி, டெஸ்டர் வெச்சி பாத்துட்டு, ஸ்க்ரூவ முடுக்குனாரு. அர சுத்து திரும்பி இறுகி நின்னுச்சு. ஒயர இழுத்துப் பாத்தாரு. வரல.

டார்ச்சு வெளிச்சம் அதே எடத்துல நின்னுச்சு.

"அது லூசாவா இருந்துச்சு?"

"ஆமா சார்."

"சரி வுடு, மறந்திருப்ப."

நல்ல மனுசன், தப்பிச்சிப் போவ வழிய தொறந்து வுட்டாரு. ஆமா சார் மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். டீ போட்டிருப்பாங்க. பாய்க்குத்தான் தொழில் திமிரு முந்திக்கிச்சு.

"நான் மறக்கற ஆளு இல்ல சார்."

சொல்லிட்டாரு. சொன்னப்பறம்தான் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குன்னு தெரிஞ்சிது. பிலவேந்திரனுக்கும் தெரிஞ்சிது. கிரேஸம்மா கொழந்தய தூளிலருந்து எடுத்து மார்போட அணைச்சிக்கிச்சு.

"அப்ப தெரிஞ்சேதானா?"

பாய் திரும்புனாரு. எதுர்ல மூஞ்சிங்க. மூணு மூஞ்சி. சொல்லணும். உங்க வூட்ல குந்தி சாப்ட்டேன், மறுபடி ஒருக்கா கூப்பிட மாட்டீங்களான்னு ஆச, அதான் செஞ்சேன்னு சொல்லணும். வாய தொறந்தாரு. வரல.

"காசுக்கா?" பிலவேந்திரன் கொரலு கம்மிடுச்சு. "மறுபடி கூப்பிட்டா கூலி கெடைக்கும்னா? கேட்டிருந்தா குடுத்திருப்பனே."

பாய்க்கு அந்த நிமிசம் அது ஒரு வழி மாதிரி தெரிஞ்சிது. திருடன்னு நெனைக்கட்டும். தனியாக் கெடக்கறவன்னு தெரியறதுக்கு அது தேவல.

"ஆமாங்க."

அதுவரைக்கும் வாப்பா போப்பான்னு இருந்தவரு, "மீதி ஸ்க்ரூ எல்லாத்தயும் என் கண்ணு முன்னால ஒரு வாட்டி பாத்துக் குடுத்துட்டுப் போங்க"ன்னாரு. போங்க. பாய் ஒவ்வொரு ஸ்க்ரூவா வெச்சி முடுக்கிக் காட்டுனாரு. எதுவும் நவுரல. எல்லாம் இறுக்கமா இருந்துச்சு. செவுத்தப் பாத்துதான் நின்னாரு, முதுகுக்குப் பின்னால ஆளுங்களும் இருந்தாங்க. யாரும் ஒண்ணும் பேசல, அவரும் பேசல. மூடிய மாட்டி மெயினப் போட்டாரு. "ஹீட்டர் போட்டுக்கலாம்மா. ஒண்ணும் ஆவாது"ன்னாரு ஏஞ்சலினப் பாத்து. அது அம்மாவப் பாத்துச்சு.

கிரேஸம்மா வாசல்வரைக்கும் வந்துச்சு. என்னமோ கேக்க வந்த மாதிரி அவரு மூஞ்சியவே பாத்துச்சு. "காசுக்குன்னு எனக்குத் தோணல" அப்பிடின்னுச்சு மெதுவா. பாய் தலயக் குனிஞ்சி செருப்ப மாட்டுனாரு. உள்ள கொழந்த அழவும் கிரேஸம்மா திரும்பிப் போயிடுச்சு.

கடைசி பஸ்ஸுல கூட்டமில்ல. முன்ன வளைவுல எறக்கி வுட்ட டிரைவருதான். "இன்னா பாய், ரொம்ப நேரம் ஆயிடுச்சு போல"ன்னு கண்ணடிச்சாரு. பாய் சிரிச்சி வெச்சிட்டு ஜன்னலோரம் குந்திக்கினாரு.

அந்தக் கத மலைலருந்து எறங்கி கள்ளக்குறிச்சிக்கு வர ரொம்ப நாள் ஆவல. லூசா வுட்டு காசு பாக்கற ஆளு, சுபைரு கூடவான்னு டீக்கடைல பேசிக்கினாங்க. வேல கொஞ்சம் கொறஞ்சிது. பாய் யாருகிட்டயும் இல்லன்னு சொல்லல. வெள்ளிமலைலருந்து போனும் வரல. அந்த பாக்ஸுக்கு ஒரு கொறயும் கெடையாது. வாசல் லைட்டு நின்னு எரியுது, ஹீட்டரு ஓடுது, கொழந்த கதகதப்பா தூங்குது. இன்னும் பாஞ்சு வருசத்துக்கு அவங்களுக்கு எலக்ட்ரீசியன் தேவப்படாது.